சண்முகவள்ளி என்கிற கூழைக்கடா

ஒரு மாவட்டம் நாகரிகம் அடைந்துவிட்டது என்பதற்கு என்ன அடையாளம்? சாலை என்பார்கள், கல்லூரி என்பார்கள், குழாயில் தண்ணீர் என்பார்கள். இவையெல்லாம் சில்லறை. தன் தலைக்கு மேல் இலவசமாகப் பறக்கும் பறவையைப் பிடித்து, கம்பிக்குப் பின்னால் வைத்து, டிக்கெட் போட்டுக் காட்டுகிற மாவட்டம்தான் நாகரிகத்தின் உச்சியில் இருக்கிறது. எங்கள் ராமநாதபுரம் மாவட்டம் 2004-ஆம் ஆண்டு தை மாதம் அந்த உச்சியில் ஏறி அமர்ந்தது.

அதற்கு முன்பு நிலைமை மோசம். ஐப்பசி மழையில் கண்மாய்கள் பெருகியதும் எங்கிருந்தோ கூட்டங்கூட்டமாகப் பறவைகள் வரும். யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. கருவேல மரங்களில் கூடு கட்டும், குஞ்சு பொரிக்கும், தண்ணீர் வற்றியதும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். பார்வை நேரம் கிடையாது. வார விடுமுறை கிடையாது. எதற்கும் பெயர்ப்பலகை கிடையாது. மாடு மேய்க்கிறவன்கூட நின்று பார்த்துவிடலாம். பார்த்துவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விடுவான். அவனிடம் "அறிவியல் மனப்பான்மை" வளர்ந்ததாகத் தகவல் இல்லை.

இந்தச் சீர்கேட்டை ஒழிக்கத்தான் உச்சிப்புளிக்குக் கிழக்கே, கடற்கரைப் பக்கம், "ஒருங்கிணைந்த பன்னாட்டுப் பறவைகள் பூங்கா" தொடங்கப்பட்டது. பன்னாட்டு என்பது வெறும் பேச்சல்ல. மதுரையில் வாங்கிய ஆஸ்திரேலியக் கிளிகள் இருந்தன. ஒரு வான்கோழி இருந்தது. வான்கோழி எந்த நாட்டைச் சேர்ந்தது என்பதில் கமிட்டிக்குள் கருத்து வேறுபாடு ஏற்பட்டது. கூட்டம் போட்டு, காரசாரமாக விவாதித்து, கடைசியில் "வெளிநாடு" என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள்.

திறப்பு விழா ஏற்பாடுகளை எவ்வளவு பாராட்டினாலும் தகும். சென்னையிலிருந்து பெரிய மனிதர் ஒருவர் வந்து ரிப்பன் வெட்டினார். பந்தலுக்குப் பக்கத்திலேயே, தயார் நிலையில், எங்கள் வட்டார சுகாதார நிலையத்தின் ஒரே வேனும் ஒரே டாக்டரும் நிறுத்திவைக்கப்பட்டிருந்தார்கள். பேச்சைக் கேட்டு யாருக்காவது தலை சுற்றினால்? பறக்கவிடும் புறா யார் கண்ணையாவது கொத்திவிட்டால்? காலையிலிருந்து சாயங்காலம்வரை வேனின் பின்கதவு திறந்தே இருந்தது. கூட்டத்தில் ஒருவருக்கும் தலை சுற்றவில்லை. புறாவும் ஒழுங்காகப் பறந்தது. அவ்வளவு கச்சிதம்.

அன்று காலை எங்கள் மிளகாய்த் தோட்டத்தில் என் மனைவியை நல்ல பாம்பு கடித்தது. சுகாதார நிலையத்துக்குப் போன் செய்தேன். எடுத்த நர்ஸ், டாக்டர் விழாவில் இருக்கிறார் என்றார். வேன்? வேனும் விழாவில் இருக்கிறது. மருந்து இருக்கும் அலமாரிச் சாவி டாக்டரிடம் இருக்கிறது. டிராக்டரில் ஏற்றிக்கொண்டு ராமநாதபுரத்துக்குக் கிளம்பினோம். பாதி வழியில் அவளுக்கு மூச்சுத் திணறியது. அப்புறம் திணறவில்லை.

பூங்காவைப் பற்றிப் பேசும்போது இதை நுழைத்திருக்கக் கூடாது. சம்பந்தமில்லாத விஷயம் என்று அப்போதே பலரும் எடுத்துச் சொன்னார்கள்.

அவள் பெயர் சண்முகவள்ளி.

எங்கள் பக்கத்தில் துக்கத்துக்கு ஒரே மருந்துதான் உண்டு. உபயம். வீட்டில் யாராவது இறந்தால், அவர் பெயரை எதிலாவது எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கோயிலுக்கு மணி கொடுப்பார்கள், பள்ளிக்கூடத்துக்கு மின்விசிறி கொடுப்பார்கள். எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் சிமெண்ட் பெஞ்சு இருக்கிறது. காலமான ஒரு பெரியவரின் பெயர்மேல் உட்கார்ந்துதான் எல்லாரும் பஸ்ஸுக்குக் காத்திருப்போம். பஸ் தாமதமானால் அவர் பெயரிலேயே படுத்தும் கொள்வோம்.

என் மாமனார் சோணைமுத்து இந்த மருந்தை நம்புகிறவர். மகள் போன சில மாதங்களில், பூங்காவின் "கூண்டு உபயத் திட்டம்" பற்றி அவர் காதில் விழுந்தது. போய்ப் பார்த்தார். ஏழாம் கூண்டு வேண்டும் என்று கேட்டு வாங்கினார். ஏன் ஏழு என்று நான் கேட்கவில்லை. அந்த வருடம் நான் யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

பெயர்ப்பலகை எழுதிய பெயிண்டர் கலைஞர். பெயரை மட்டும் முழ நீளத்துக்குச் சிவப்பில் எழுதினார். "அமரர்" என்பதற்கு மேலே இடம் போதவில்லை. பலகைக்கு முன்னால் தொங்கிய குண்டு பல்புக்குப் பின்னால் சிறியதாகப் போட்டார். "நினைவாக, உபயம்: தந்தை" என்பதைக் கீழே எழுதினார். அதற்கு முன்னால் ஜனங்கள் குடிக்க ஒரு தண்ணீர்த் தொட்டி வந்துவிட்டது. பறவைகளின் பெயரைச் சொல்லும் பலகைகளுக்கு டெண்டர் விட்டிருந்தார்கள். டெண்டர் இன்னும் திறக்கப்படவில்லை. ஆகவே ஏழாம் கூண்டின் முன்னால் நிற்பவர்களுக்கு இரண்டு விஷயங்கள் மட்டுமே தெரிந்தன. உள்ளே, மின்கம்பியில் அடிபட்டு இறக்கை ஒடிந்து கண்மாயில் விழுந்துகிடந்த ஒரு கூழைக்கடா. வெளியே, பெரிய சிவப்பு எழுத்தில் ஒரு பெயர்.

மக்கள் இரண்டையும் சேர்த்துக்கொண்டார்கள்.

எனக்கு இது தெரியவந்தது கடையில் வைத்து. நான் கல்லூரியில் விலங்கியல் படித்தவன். படித்ததற்கும் பிழைப்புக்கும் தொடர்பு இருக்கக் கூடாது என்ற மரபை மதித்து உச்சிப்புளியில் உரக்கடை வைத்திருக்கிறேன். ஒரு நாள், தூரத்து ஊரிலிருந்து வரும் பாண்டியம்மாள் என்ற அம்மாள் யூரியா வாங்க வந்தார். என் வீட்டு விஷயம் எதுவும் தெரியாதவர்.

"நேத்து பிள்ளைகளக் கூட்டிக்கிட்டுப் பூங்காவுக்குப் போயிருந்தோம் தம்பி. சண்முகவள்ளியப் பாத்தோம்."

நான் மூட்டையின் மேல் கை வைத்தபடி நின்றேன்.

"என்னமா இருக்கா தெரியுமா? நல்லாக் கொழுத்து, தாடையெல்லாம் தொங்கிப்போயி. எதப் போட்டாலும் முழுங்குறா. நாத்தந்தான் தாங்க முடியல."

"மூட்டைய வண்டில ஏத்தச் சொல்லட்டா?" என்றேன்.

"நீங்களும் ஒரு எட்டு போயிப் பாருங்க தம்பி. மூஞ்சி ஏன் இப்படி வாடிக் கெடக்கு? அவளப் பாத்தா சிரிப்பு வந்துரும்."

அன்றே மனு எழுதினேன். சுருக்கமாக எழுதினேன். என் மனைவி இன்ன தேதியில் பாம்பு கடித்து இறந்தாள், அவள் பெயர் கூண்டில் இருக்கிறது, அதை நீக்க வேண்டும். மழைக்காலம் ஆகையால் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக்கொண்டேன். அவளுடைய முதல் வருடத் திதியன்று, வீட்டில் படையல் முடிந்ததும், பூங்காவுக்குப் புறப்பட்டேன். மாமா எனக்கு முன்னாலேயே போயிருந்தார்.

வாசலில் டிக்கெட் எடுத்தேன். உள்ளே ஏழாம் கூண்டு எங்கே என்று யாரிடமும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. சத்தம் வந்த திசையில் இருந்தது.

"ஏலே, சண்முகவள்ளி வாயத் தொறக்குறாலே."

"சண்முகவள்ளி, இங்கன பாரு. ஒரு போட்டோ எடுத்துக்கிறோம்."

"மொறைக்கிறாடா."

தினைக்காட்டில் பரண்மேல் நின்று பறவை விரட்டியவள் வள்ளி. அவள் பெயரை ஒரு பறவைக்கே சூட்டியது பெருந்தன்மை என்று ஒரு தமிழாசிரியர் பாராட்டிவிட்டுப் போனாராம். நான் விலங்கியல் கண்ணோடு பார்த்தேன். அலகின் நீளத்தையும் உடம்பின் பருமனையும் பார்த்தால் அது ஆண்.

பூங்காவின் தனி அலுவலர் மலையாண்டி. ஓய்வுபெற்ற பிறகும் அரசு விடாமல் பிடித்து வைத்திருக்கும் அளவுக்கு அனுபவஸ்தர். மனு என்றதும் முகம் மலர்ந்தது.

"மனுவா? நல்லது தம்பி. எதுக்கு?"

"ஒரு பேரை நீக்கணும் சார். என் மனைவி இறந்துட்டாங்க."

"ரேஷன் கார்டுலயா? அது தாலுகா ஆபீஸ்."

"கூண்டுல சார். ஏழாம் கூண்டு."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"தம்பி, ஒங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா ஒண்ணு. வார சனமெல்லாம் சண்முகவள்ளி எங்கன இருக்கான்னுதான் கேக்குது. ஆஸ்திரேலியாவப் பத்தி ஒருத்தரும் கேக்கல. இப்ப அந்தப் பேர எடுத்தா பூங்காவோட எதிர்காலம் என்ன ஆகும்?"

"அது கூழைக்கடா சார்."

"அது ஒங்க அபிப்பிராயம். பலகையில எழுத்துபூர்வமா என்ன இருக்கு?"

"அது ஆண் பறவை."

மலையாண்டி எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இது வேற யாருக்காச்சும் தெரியுமா?"

"தெரியாது."

"தெரிய வேணாம். நாளைக்குக் கலெக்டர் பாக்க வாராரு. இந்த நேரத்துல போயி." குரலைத் தாழ்த்தினார். "விதி என்னன்னா, உபயம் கொடுத்தவர் கையெழுத்து இல்லாம நாங்க ஒரு எழுத்தக்கூடத் தொட முடியாது. ஒங்க மாமனார் அங்கனதான இருக்காரு. திதிக்குத் தீனி போட வந்திருக்காரு. அவருட்டக் கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

ஏழாம் கூண்டுக்குள் மாமா ஒரு செங்கல்மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு கூடை சாளை மீன். உபயதாரர் குடும்பத்துக்கு வருடத்தில் ஒரு நாள் கூண்டுக்குள் போய்த் தீனி போடும் உரிமை உண்டு. பறவைக்காரன் சுஐபு கதவைத் திறந்துவிட்டான். என்னைவிடச் சின்னவன்.

"வாங்கண்ணே. சண்முகவள்ளி காலைலருந்து ஒண்ணும் திங்கல. ஒங்களுக்காகத்தான் காத்துக்கெடக்கா போல." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். "அல்லாவே. மாப்பு பண்ணுங்கண்ணே. வாயி பழகிப்போச்சு."

"பரவாயில்ல."

"அது கடிச்சாலும் பரவாயில்லம்பீக போலருக்கு நீங்க. வாங்க, உள்ள வாங்க. கண்ணுக்கு நேரா மட்டும் குனியாதீக. வெள்ளையா மினுங்குனா கொத்திரும்."

நான் மாமாவின் பக்கத்தில் குந்தினேன். மனுவை நீட்டவில்லை. கையில் வைத்துக்கொண்டேன்.

"மாமா, பேரை எடுத்துரலாம்."

"ஏன் மாப்ளே?"

"எல்லாரும் கூப்பிடுறாங்க."

மாமா ஒரு மீனை எடுத்து வாலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"கூப்புடட்டுமே மாப்ளே. நம்ம வீட்ல அவ பேர யாரும் கூப்புடுறதில்ல. ஒங்க அத்தை வாயத் தொறக்கிறதில்ல. நீங்களும் சொல்றதில்ல. ஒரு நாளைக்கு எத்தன வாயி இங்கன சொல்லுது. நான் அப்பப்ப பஸ் ஏறி வந்து, வெளிய நின்னு கேட்டுட்டுப் போறேன்."

கம்பிக்கு வெளியே யாரோ கூப்பிட்டார்கள். மாமா திரும்பிப் பார்த்தார்.

"ஏன் மாமா இந்தக் கூண்டு?"

"விசாரிச்சேன். அன்னைக்கு வேன் நின்னது இந்த எடத்துலதானாம். பந்தலுக்கு மேக்க. இப்பக் கூண்டாயிருச்சு." மீனைக் கூடையில் போட்டுவிட்டார். "எம்மகளால இங்கன வந்து சேர முடியல. பேராச்சும் வந்து சேரட்டும்னுதான்."

எழுந்து ஒரு மீனை எடுத்தேன்.

கூழைக்கடா தொட்டியை விட்டு இறங்கி என்னை நோக்கி நடந்து வந்தது. கால்களை அகட்டி, ஓய்வுபெற்ற தாசில்தார்போல நடந்தது. பாடப்புத்தகத்தில் அதன் எலும்புகளை எல்லாம் படித்திருக்கிறேன். நெஞ்சுக்கு நேராக வந்து நிற்கும் என்று எதிலும் எழுதியிருக்கவில்லை. அலகு என் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே நீண்டது. அலகின் நுனியில் ஒரு சின்னக் கொக்கி. தாடைப் பையில் மெல்லிய நரம்புகள் ஓடின. வெயில் அதற்குள் புகுந்து மறுபக்கம் தெரிந்தது. மீன் வாடையும் சேற்று வாடையும் அடித்தது. ஒடிந்த இறக்கை தரையில் இழுபட்டது. ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது. பிறகு தலையைத் திருப்பி இன்னொரு கண்ணால் சரிபார்த்தது. அதன் மூச்சு என் கையில் சூடாகப் பட்டது.

ஒரு வருடமாக இவ்வளவு பக்கத்தில் எந்த உயிரும் வந்து நின்றதில்லை.

வலது கையில் மீன் இருந்தது. இடது கையில் மனு இருந்தது. மனு பளபளவென்று மின்னியது. பறவை மனுவை எடுத்துக்கொண்டது.

நான் பல அலுவலகங்களுக்கு மனு கொடுத்தவன். வேனைப் பற்றி, அலமாரிச் சாவியைப் பற்றி, டாக்டரைப் பற்றி. என் மனு ஒன்று இப்படி எதிர்க்கேள்வி கேட்காமல், முத்திரை வேண்டும் என்று சொல்லாமல், நேரடியாக, முழுமையாக ஏற்கப்பட்டது அதுவே முதல் தடவை.

ஏற்றுக்கொண்டதே தவிர உள்ளே போகவில்லை. கழுத்து நடுவில் விம்மியது. பறவை அலகை வானத்துக்குத் தூக்கியது. தரையில் அடித்தது. ஒற்றை இறக்கையை விரித்துச் சுற்றிச் சுற்றி வந்தது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். டிராக்டரில் கேட்டிருக்கிறேன்.

"சார், ஓடியாங்க," என்று சுஐபு கத்தினான். "சண்முகவள்ளிக்கு மூச்சு முட்டுது."

மலையாண்டி வந்து பார்த்தார். கால்நடை டாக்டர் பணியிடம் காலி. கலெக்டர் நாளைக்கு வருகிறார். அவர் கைப்போனை எடுத்து சுகாதார நிலையத்துக்குப் பேசியதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"பூங்காலருந்து பேசுறேன். சண்முகவள்ளிக்கு மூச்சுத் திணறல். ஒடனே வாங்க."

எந்தச் சண்முகவள்ளி என்று மறுமுனையில் யாரும் கேட்கவில்லை. டாக்டர் எங்கே, வேன் எங்கே, சாவி எங்கே என்ற பேச்சும் எழவில்லை. சுஐபு பறவையை மடியில் அமுக்கிப் பிடித்து அலகைப் பிளந்துகொண்டிருக்கும்போதே சாலையில் சைரன் கேட்டது. அரசு இயந்திரம் மெதுவாக நகரும் என்று குறை சொல்பவர்கள் அன்று அங்கே இருந்திருக்க வேண்டும். கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. வேன் ஏழாம் கூண்டை ஒட்டி வந்து நின்றது. பின்கதவு திறந்தது. ஆக்சிஜன் சிலிண்டர் இறங்கியது. நர்ஸ் இறங்கினார். டாக்டர் குதித்தார்.

மாமா எழுந்து நின்றார். பறவையைப் பார்க்கவில்லை. திறந்திருந்த அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் கெட்டிக்காரர். டார்ச் அடித்து, நீண்ட இடுக்கியை விட்டு, பதமாகத் திருப்பி, உறையோடு மனுவை வெளியே எடுத்தார். பறவை தலையை உதறியது. என்மேல் எச்சில் தெறித்தது. தொட்டிக்குள் இறங்கித் தண்ணீர் குடித்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சண்முகவள்ளி பொழச்சுக்கிட்டா," என்றார்.

எதை விழுங்கியது என்று பார்ப்பதற்காக டாக்டர் உறையைத் துடைத்தார். பிளாஸ்டிக் ஆகையால் எழுத்து அழியவில்லை. படித்தார். தலையைத் தூக்கிப் பலகையைப் பார்த்தார். இந்தத் தடவை பல்புக்குப் பின்னால் இருந்ததையும் படித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

"இவங்க?"

"என் மனைவி சார்."

"இந்தத் தேதி…"

"நீங்க இங்கனதான் இருந்தீங்க சார். யாருக்கும் தலை சுத்தல."

அவர் மனுவை என்னிடம் நீட்டினார். துடைத்த கையை மறுபடியும் துடைத்தார்.

"அன்னைக்கு ஃபோன் வந்துச்சு," என்றார். "ரிப்பன் வெட்ட வந்தவரோட கார் கிளம்புற வரைக்கும் நகரக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

"தெரியும் சார்."

இடுக்கியைத் துணியில் சுற்றினார். வேனை நோக்கி நடந்தார். முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறாமல் பின்னால் ஏறினார்.

உள்ளூர் நிருபர் ஒருவர் காமிராவோடு வந்துகொண்டிருந்தார். மலையாண்டி என் கையிலிருந்த மனுவைப் பார்த்தார். நிருபரைப் பார்த்தார். என் தோளில் கை போட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"தம்பி, ஒங்க மனுவ முறைப்படி பரிசீலிச்சாச்சு. பலகைய இன்னைக்கே எறக்கிருவோம். கையெழுத்தெல்லாம் வேணாம். அந்தக் காகிதத்த மட்டும் எங்கிட்டக் குடுத்துருங்க."

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே பிள்ளைகள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான்கூட ஒரு தடவை, யாருக்கும் கேட்காமல், சொல்லிப் பார்த்தேன்.

"வேண்டாம் சார். பலகை இருக்கட்டும்."

"அப்ப மனு?"

"அதுவும் இருக்கட்டும்."

மறுநாள் பேப்பரில் வந்தது: "சண்முகவள்ளி உயிர் பிழைத்தாள். டாக்டர் குழுவின் மின்னல் வேகம்." கமிட்டி அவசரக் கூட்டம் கூட்டி நன்றித் தீர்மானம் நிறைவேற்றியது. அந்தப் பாராட்டில் நானும் மனதாரக் கலந்துகொள்கிறேன். பூங்கா வந்த பிறகு எங்கள் வட்டார மருத்துவ வசதி எங்கேயோ போய்விட்டது. இதை நேரில் கண்டவன் என்ற முறையில் பொதுமக்களுக்கு ஒரு யோசனை சொல்லலாம் என்று தோன்றுகிறது.

உங்கள் வீட்டுப் பெண் வயலில் விழுந்துவிட்டால் பதற வேண்டாம். டிராக்டர் தேட வேண்டாம். சுகாதார நிலையத்துக்குப் போன் செய்யுங்கள். சண்முகவள்ளிக்கு மூச்சுத் திணறல் என்று சொல்லுங்கள். வேன் வரும், ஆக்சிஜன் வரும், டாக்டரும் வருவார், நல்லவர், கைராசிக்காரர். மனுஷிக்கு என்று மட்டும் வாய்தவறிச் சொல்லிவிடாதீர்கள்.